அணு உலை: 2031 ஆண்டா, ஆசையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று இந்தப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் கடிதங்களைப் படித்துவருகிறேன். வேண்டாம் என்பவர்கள் செர்னோபிலையும் ஃபுக்குஷிமாவையும் காட்டுகிறார்கள். வேண்டும் என்பவர்கள் பிரான்ஸையும் தென்கொரியாவையும் காட்டுகிறார்கள். புவி சூடாவதைத் தடுக்கத்தான் அணு உலை என்றால், அது எந்த ஆண்டு மின்சாரம் தரும் என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? அதை யாரும் கேட்கக் காணோம். 13ஆவது மலேசியத் திட்டம் வந்ததிலிருந்து முதல் உலை ஓடும் ஆண்டாக 2031 என்ற எண் பேச்சில் அடிபடுகிறது. மின்கட்டமைப்பு வேலை தெரிந்தவர் யாரும் அந்த எண்ணைக் கேட்டுத் தலையாட்ட மாட்டார். காரணங்கள் கொஞ்சம் நீளமானவை; இடம் தந்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அணுவின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யுரேனியத்தைத் தோண்டி எடுப்பது முதல் நிலையத்தை இடித்து அகற்றுவது வரை எல்லாவற்றையும் கூட்டி, ஐநாவின் பருவநிலைக் குழு 2014இல் கணக்குப் போட்டது. ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடும் கரியமிலவாயு 820 கிராம், எரிவாயு 490, பெரிய சூரியப் பண்ணை 48, அணு 12. இவை நடுமதிப்புகள். 1,000 மெகாவாட் உலை ஆண்டில் 90 விழுக்காடு நேரம் ஓடினால் ஏறக்குறைய 7.9 பில்லியன் கிலோவாட்-மணி கிடைக்கும். அதே அளவை நிலக்கரியில் எடுக்க ஆண்டுக்கு மூன்று மில்லியன் டன் கரி வேண்டும். புகைபோக்கி வழியே ஏழு மில்லியன் டன் கரியமிலவாயு போகும். அணு உலைக்கு வேண்டியது இருபது, இருபத்தைந்து டன் யுரேனிய எரிபொருள். சில லாரிகளில் வந்து இறங்கிவிடும்.

சூரிய ஒளியில் அதே 7.9 பில்லியனை எடுக்கலாம். ஆனால் நம் வானம் பாலைவன வானம் அல்ல. மதியம் இரண்டு மணிக்கு மேகம் கட்டி மழை கொட்டும் ஊர் இது. இங்கே ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு 1,300 கிலோவாட்-மணிக்குச் சற்று முன்பின்னாகத் தரும். அப்படியானால் 6,000 மெகாவாட் தகடுகள் வேண்டும். அதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. கூரைகள் இருக்கின்றன, பழைய ஈயக்குட்டைகள் இருக்கின்றன. சிக்கல் இரவில்தான். குளிர்சாதனப் பெட்டி தூங்கும்போதும் ஓடுகிறது. ஜொகூரில் முளைத்துவரும் தரவு மையங்களுக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. அணு உலை இரவில் தரும் பங்கைச் சூரியத் தகடு தர வேண்டுமென்றால் நாள்தோறும் சுமார் 13,000 மெகாவாட்-மணியைப் பகலில் மின்கலத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அரசு ஏலத்துக்கு விட்ட மின்கலத் திட்டத்தின் மொத்தக் கொள்ளளவு 1,600 மெகாவாட்-மணி. எட்டு மடங்கு இடைவெளி. ஆகவே அணுவைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

இனி ஆண்டுக் கணக்கு. இது நமக்குப் புதுப் பேச்சும் அல்ல. 2010இல் பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் இரட்டை உலை, மொத்தம் 2,000 மெகாவாட், முதல் உலை 2021இல் என்று எழுதினார்கள். 2011இல் மலேசிய அணுமின் கழகம் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஃபுக்குஷிமா நடந்தது. 2018இல் அன்றைய பிரதமர் மகாதீர் அணுமின்சாரம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார், கழகமும் கலைக்கப்பட்டது. அந்த ஏழெட்டு ஆண்டுகளில் சேர்ந்த அனுபவமுள்ளவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இப்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.

அனைத்துலக அணுசக்தி முகமை புதிதாக இறங்கும் நாடுகளுக்கு 19 தலைப்புகளில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: சட்டம், ஒழுங்குமுறை அமைப்பு, மின்கட்டமைப்பு, இடம், நிதி, ஆள்பலம், கழிவு, அவசரகாலத் திட்டம் என்று போகும். மூன்று கட்டங்கள், மொத்தம் 10 முதல் 15 ஆண்டுகள் என்பது அவர்களின் மதிப்பீடு. அது கூட்டிச் சொன்ன எண் இல்லை என்பதற்கு அபுதாபியே சாட்சி. ஐக்கிய அரபு அமீரகம் 2008 ஏப்ரலில் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2009 டிசம்பரில் கொரியர்களோடு ஒப்பந்தம். 2012 ஜூலையில் பராக்காவில் முதல் கான்கிரீட். 2020 ஆகஸ்டில் முதல் உலை மின்கட்டமைப்பில் இணைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். பணத்துக்குக் குறைவில்லை, நிலம் எடுக்கத் தடையில்லை, எதிர்த்துப் பேச நாடாளுமன்ற எதிர்க்கட்சி இல்லை, கட்டியவர்களோ சொந்த நாட்டில் உலை மேல் உலையாகக் கட்டிப் பழகியவர்கள். அப்படியும் பன்னிரண்டு. இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது. முதல் உலை 2017இல் ஓட வேண்டியது. கட்டுமானம் பெரும்பாலும் முடிந்த பிறகும் தாமதம். அதை இயக்கும் ஆட்களுக்குப் பயிற்சியும் உரிமமும் முடியவில்லை. கான்கிரீட்டை இறக்குமதி செய்யலாம். உரிமம் பெற்ற இயக்குநரை அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

பழகிய நாடுகளே சறுக்கியதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸின் ஃப்ளாமான்வில் 3ஆவது உலைக்கு 2007 டிசம்பரில் கான்கிரீட் போட்டார்கள். மின்சாரம் வந்தது 2024 டிசம்பரில். 3.3 பில்லியன் யூரோ என்று தொடங்கிய செலவு 13.2 பில்லியனுக்குப் போனது. காரணங்களில் ஒன்று பற்றவைப்பு. உலைக் கூடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் முக்கிய நீராவிக் குழாய்களின் இணைப்புகள், ஒருபோதும் உடையாது என்று கணக்கில் வைக்கும் தரத்துக்கு இல்லை என்று ஒழுங்குமுறை அமைப்பு மறுத்துவிட்டது. சுவர் எழும்பிய பிறகு உள்ளே இருக்கும் குழாயைத் திரும்ப ஒட்ட இயந்திரக் கைகளைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அதிலேயே போயின. அமெரிக்காவின் வோக்டில் உலைகளும் ஏழு ஆண்டு தாமதம். 14 பில்லியன் டாலர் என்றது 30 பில்லியனைத் தாண்டியது.

இன்றே எல்லாம் கூடிவந்தாலும், நாம் அமீரகத்தைப் போல ஓடினாலும், முதல் மின்சாரம் 2030களின் இறுதியில். நம் வேகத்துக்கு 2040 என்று வைத்துக்கொள்வதே நேர்மை. அதுவரை 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று முக்கால்வாசி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஆறு மில்லியன் டன். பன்னிரண்டு ஆண்டில் எழுபது மில்லியன். காற்றில் ஏறிய கரியமிலவாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். 2040இல் உலை வந்ததும் அதைத் திரும்ப இறக்கிவைக்க முடியாது. என் வாதம் இதுதான்: அணுவைத் திட்டமிடலாம், ஆனால் அணு வரப்போகிறது என்பதைக் காட்டி அடுத்த பத்தாண்டில் நிலக்கரியைக் குறைக்கும் வேலையை ஒத்திவைக்கக் கூடாது. இந்த ஒத்திவைப்பு எங்கும் எழுத்தில் இருக்காது. மின்கலத்துக்கும் புதிய மின்தடத்துக்கும் போக வேண்டிய பணம் தள்ளிப்போகும். பழைய நிலக்கரி ஒப்பந்தத்துக்கு ஓசைப்படாமல் நீட்டிப்பு கிடைக்கும். கவனிக்க வேண்டியது அங்கே.

மின்கட்டமைப்பைப் பற்றிக் கடிதங்களில் யாரும் எழுதவில்லை. தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இன்று நம்மிடம் உள்ள மிகப் பெரிய தனி யூனிட், அதாவது தனி மின்னாக்க இயந்திரம், 1,000 மெகாவாட். மஞ்சோங்கில் இரண்டு, தஞ்சோங் பின்னில் ஒன்று, ஜிமாவில் இரண்டு; எல்லாம் நிலக்கரி. எந்த நொடியும் மிகப் பெரிய யூனிட் விழலாம் என்று வைத்துத்தான் கட்டுப்பாட்டு மையம் ஓடுகிறது. விழுந்தால் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இயந்திரங்கள் தங்கள் கையிருப்பைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஊர் ஊராகத் தானாகவே மின்சாரம் துண்டிக்கப்படும். கொரியர்களின் 1,400 மெகாவாட் உலையை வாங்கினால் அந்தக் கையிருப்பை எல்லா நேரமும் 400 மெகாவாட் கூட்டிவைக்க வேண்டும். தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நோன்புப் பெருநாள் விடுமுறையில், அந்த ஒரே உலை மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிடும். தனி யூனிட் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. இப்போது தலைகீழாகவும் பாருங்கள்: உலை விழுந்தால் கட்டமைப்புக்கு ஆபத்து, கட்டமைப்பு விழுந்தால் உலைக்கு ஆபத்து. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை திரெங்கானு பாக்காவில் தொடங்கிய கோளாறில் தீபகற்பம் முழுவதும் இருண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அணு உலை ஒன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே பாதுகாப்பு விவாதத்தின் மையம்.

நடந்திருக்கக்கூடியது இது. கட்டுப்பாட்டுக் கோல்கள் சில நொடியில் இறங்கி அணுப்பிளவு நின்றுவிடும். ஆனால் வெப்பம் நிற்காது. பிளந்த அணுக்களின் மிச்சங்கள் தொடர்ந்து சிதைந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் 3,000 மெகாவாட். நின்ற கணத்தில் அதில் ஆறரை விழுக்காடு, அதாவது 200 மெகாவாட், இன்னும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் 45க்கு இறங்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். 15 மெகாவாட் வெப்பத்தைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆற்றுவதானால் மணிக்கு 20 டன் தண்ணீர் ஆவியாகும். குடிநீர் தடைப்படும் நாளில் தாமான்களுக்கு வருகிறதே, அந்தத் தண்ணீர் லாரியில் பெரியது ஒன்று, மணிக்கு ஒன்றாக, நாள் முழுக்க. அந்தத் தண்ணீரை அழுத்தித் தள்ள மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து மின்சாரம் இல்லையென்றால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் இல்லையென்றால் எரிபொருள் கோல்களின் சிர்க்கோனிய உறை 1,200 பாகை செல்சியஸுக்கு மேல் நீராவியோடு வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். ஃபுக்குஷிமாவில் கூரையைப் பிய்த்தெறிந்தது அந்த ஹைட்ரஜன்தான். அணுகுண்டு வெடித்ததுபோல் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஃபுக்குஷிமாவில் ஆறு உலைகளுக்கும் சேர்த்துப் பதின்மூன்று டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. நிலநடுக்கத்தில் அவை ஒழுங்காகவே ஓடத் தொடங்கின. பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்தன. குளிர்விக்கக் கடல்நீர் பம்புகளை நம்பியிருந்தன. சுமார் 14 மீட்டர் உயரத்தில் வந்த ஆழிப்பேரலை பன்னிரண்டை வீழ்த்தியது. உயரத்தில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் பிழைத்தது; 5ஆவது, 6ஆவது உலைகளை அதுதான் காப்பாற்றியது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா நிலையம் தரைமட்டத்தையே 14 மீட்டர் அளவில் உயர்த்திக் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது. ஆக விபத்தைத் தீர்மானித்தது அணு இயற்பியல் அல்ல, ஜெனரேட்டரை எந்தத் தளத்தில் வைப்பது என்ற முடிவு. இன்றைய புதிய உலைகளில் சில, கூடத்தின் உச்சியில் 3,000 டன் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டியை வைத்து, மின்சாரமே இல்லாமல் 72 மணி நேரம் தானாகக் குளிரும்படி வடிவமைக்கப்பட்டவை. நல்ல முன்னேற்றம். ஆனால் 73ஆவது மணிக்கு அந்தத் தொட்டியை நிரப்பப் பம்பும் சாலையும் ஆளும் வேண்டும். ஏலப் பத்திரத்தில் இதைத் தெளிவாக எழுதி வாங்காவிட்டால் யாரும் இலவசமாகத் தரப்போவதில்லை.

இங்கே ஆழிப்பேரலை எங்கே என்று கேட்பவர்கள் பினாங்குக்கு வந்து கேட்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் இந்த மாநிலத்தில் இறந்தவர்கள். சுமத்ரா குறுக்கே நின்று அலையின் வேகத்தைக் குறைத்தும் அந்தக் கணக்கு. அதே அலை அன்று தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அலை உயரத்தை முன்கூட்டி எவ்வளவு என்று எழுதுகிறோமோ, அதிலிருந்துதான் மற்ற எல்லா அளவும் பிறக்கும்.

இடம் தேர்வு அதோடு முடியாது. 3,000 மெகாவாட் வெப்பத்தில் 2,000 கடலுக்குத்தான் போகும். கடல்நீரைப் பத்து பாகை சூடாக்கித் திரும்ப விடலாம் என்று வைத்தாலும் நொடிக்கு 50 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, ஏற்கெனவே 29, 30 பாகைச் சூட்டில் இருப்பது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய கெராங் (சிப்பி வகை) வளர்ப்புக்கு அந்தச் சூடு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓராண்டுப் பருவ ஓட்டம் முழுவதையும் அளந்தபிறகே சொல்ல முடியும். தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஜெல்லிமீன் கூட்டம் அடைத்து 2025 ஆகஸ்டில் பிரான்ஸின் கிராவ்லின் நிலையத்தில் நான்கு உலைகள் நின்றன. நம் கடலில் அந்தப் பிராணிக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு கணக்கு மனிதர்களைப் பற்றியது. பெரிய உலைக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வரை உடனே வெளியேற்றும் வட்டம், 15 முதல் 30 கிலோமீட்டர் வரை அவசர நடவடிக்கை வட்டம் என்று அனைத்துலக முகமை சொல்கிறது. ஃபுக்குஷிமா மாநிலத்தில் கதிர்வீச்சால் நேரடியாக இறந்தவர்களைவிட, அவசரமாக வெளியேற்றியதாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்களே மிகப் பெரும்பாலோர். 2,000 பேருக்கு மேல். படுக்கையில் கிடந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி இடம் இடமாக அலைத்ததில் போன உயிர்கள் அவற்றில் அடக்கம். மேற்குக் கரையில் எந்த இடத்தில் காம்பஸை ஊன்றி 30 கிலோமீட்டர் வட்டம் போட்டாலும் அதற்குள் ஒரு மருத்துவமனையாவது, சில பள்ளிகளாவது, பண்டிகைக் காலத்தில் நகரவே நகராத ஒரு சாலையாவது இருக்கும். மருத்துவமனைகளை எப்போது காலி செய்வது, எப்போது கதவை மூடி உள்ளேயே இருக்கச் சொல்வது என்பதை முன்பே எழுதி வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

இப்போது பணம். அணுமின்சாரம் விலை அதிகமா குறைவா என்று கேட்டால் எந்தப் பொறியாளரும் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. வட்டி எவ்வளவு என்று திருப்பிக் கேட்பார். கணக்குக்காக, கட்டுமானச் செலவு ஒரு கிலோவாட்டுக்கு 5,000 டாலர், டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென், நாற்பது ஆண்டில் கடனை அடைப்பது என்று வைப்போம். 3 விழுக்காடு வட்டியில் ஆறு ஆண்டில் கட்டி முடித்தால், முதலீட்டுக்கு மட்டும் கிலோவாட்-மணிக்கு 12, 13 சென் விழும். வட்டி 7 விழுக்காடானால் 24 சென். வட்டி 7ஆகவே இருந்து கட்டுமானம் பன்னிரண்டு ஆண்டுக்கு இழுத்தால் 30 சென். வட்டி 10, கட்டுமானமும் பன்னிரண்டு ஆண்டு என்றால் 48 சென். அதே இரும்பு, அதே கான்கிரீட், அதே உலை. எரிபொருளுக்கும் இயக்கத்துக்கும் இன்னும் பத்து சென் போல மேலே சேரும். இன்றைய நம் சராசரி அடிப்படைக் கட்டணமே, கம்பி, துணைநிலையம், மீட்டர் எல்லாம் சேர்த்து, 45 சென்னை ஒட்டியது. அரசாங்க உத்தரவாதத்தில் மலிவு வட்டி வாங்கினால் மின்கட்டணம் குறையும். தாமதமானால் அந்தப் பாரம் வரி கட்டுபவர் தலையில். பிலிப்பீன்ஸ் படானில் 621 மெகாவாட் உலையைக் கட்டி முடித்து, ஒரு நாள்கூட எரிபொருள் ஏற்றாமல், அதன் கடனை 2007 வரை கட்டித் தீர்த்தது. நமக்குப் பக்கத்து நாடுதான்.

பெரியது வேண்டாம், சிறு உலை போதும் என்பது இப்போதைய நாகரிகப் பேச்சு. யூனிட் அளவுச் சிக்கலை அது தீர்க்கும் என்பது உண்மை. 77 மெகாவாட் சிறு உலை ஒன்று விழுந்தால் கட்டமைப்புக்கு உறைக்காது. சிறு உலையில் மிச்ச வெப்பமும் சிறிது. தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி வைத்தால் தானே ஆறும். ஆனால் விலைச்சீட்டை இன்னும் யாரும் காட்டவில்லை. அமெரிக்காவில் நூஸ்கேல் நிறுவனத்தின் ஆறு உலைத் திட்டம், மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்றது 89 ஆனதும், 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. கனடாவின் டார்லிங்டனில் 300 மெகாவாட் உலைகள் நான்குக்கு 20.9 பில்லியன் கனடிய டாலர் என்று 2025 மே மாதம் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். கிலோவாட்டுக்கு 17,000 கனடிய டாலருக்கு மேல். ரஷ்யாவின் மிதக்கும் நிலையமும் சீனாவின் ஷிடாவ் விரிகுடா உலையும் ஓடுகின்றன, சரி. ஆனால் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாராகி விலை இறங்கும் என்ற வாக்குறுதி நிறைவேற வேண்டுமானால் முதலில் சில டஜன் உலைகளை யாராவது அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்த முதல் வாடிக்கையாளராக நாம் நிற்க வேண்டியதில்லை. சில சிறு உலைகளுக்கு 20 விழுக்காடு வரை செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அதை வணிக அளவில் விற்று வந்தது ரஷ்யா. உக்ரேன் போருக்குப் பின் அந்த எரிபொருள் கிடைக்காமல் அமெரிக்காவிலேயே ஒரு திட்டம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது.

தோரியம் நம் மண்ணிலேயே கிடக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. தோரியம் தானாகப் பிளவுபடாது. அதை உலைக்குள் வைத்து வேறொன்றாக மாற்றிய பிறகே எரிபொருளாகும். வணிக அளவில் தோரியத்தில் ஓடும் மின் உலை உலகில் எங்கும் இல்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை.

ஆனால் தோரியம் என்ற சொல் பேராக்கில் வேறு மாதிரி ஒலிக்கும். புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள், 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், 1994இல் ஆலை மூடியது. கழிவை அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது. அந்தப் போராட்டத்தோடு நின்ற பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அணுமின்சாரத்தை இன்றும் எதிர்க்கிறது. அந்தச் சங்கத்தின் எல்லா வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கதிர்வீச்சு விஷயத்தில் அதிகாரிகள் சொன்னால் நம்பலாம் என்ற எண்ணம் இந்த வட மாநிலங்களில் ஏன் இல்லை என்று தெரியாமல் விளம்பரப் பலகை வைத்துப் புரியவைக்கலாம் என்று நினைப்பவர்கள் தோற்றுப்போவார்கள்.

நம்பிக்கை அமைப்பிலிருந்து வர வேண்டும். நம்மிடம் 1982 முதல் பாங்கியில் ஓடும் ஆராய்ச்சி உலை இருக்கிறது. வெப்பத்திறன் ஒரு மெகாவாட். அதை நடத்தும் மலேசிய அணுசக்தி முகமையும், அதற்கு உரிமம் கொடுத்துச் சோதனை போடும் அணுசக்தித் துறையும் ஒரே அறிவியல் அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஒரு மெகாவாட்டுக்கு அது போதும். 3,000 மெகாவாட்டுக்குப் போதாது. 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2025இல் மக்களவையில் நிறைவேறியது. வரவேற்கிறேன். ஆனால் ஃப்ளாமான்வில் குழாய்களை ஒழுங்குமுறை அமைப்பு மறுத்தது போல, பில்லியன் கணக்கில் செலவான பிறகும் மறுக்கும் துணிவும் தனி நிதியும் பதவிப் பாதுகாப்பும் உள்ள அதிகாரி இங்கே இருக்கிறாரா என்பதற்குச் சட்டத்தின் பெயர் பதில் ஆகாது. தீயணைப்பு வால்வைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்திடும் பழக்கம் அடுக்குமாடி நிர்வாகத்தோடு நிற்கட்டும்.

கழிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொழில்நுட்பத்தில் அது பலர் நினைப்பதைவிடச் சிறிய சிக்கல். ஒரு உலை அறுபது ஆண்டில் 1,200 முதல் 1,500 டன் எரிந்த எரிபொருளை விடும். ஐந்து முதல் பத்து ஆண்டு குளத்தில், பிறகு கான்கிரீட்டும் எஃகும் சேர்ந்த கலன்களில், கொட்டகையளவு இடத்தில் வைக்கலாம். அதற்குப் பிறகு எங்கே என்பதுதான் பதில் இல்லாத இடம். ஃபின்லாந்து ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில், செப்புக் கலனில் அடைத்து, பெண்டோனைட் களிமண் சூழப் புதைக்கச் சுரங்கமே வெட்டிவிட்டது. வங்காளதேசம் ரூப்பூர் உலையின் எரிந்த எரிபொருளை ரஷ்யாவே திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நாம் எதைச் செய்யப்போகிறோம் என்பது உலை வாங்கும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் விற்றவர் பேச வரமாட்டார்.

எரிசக்தி அமைச்சிடம் கேட்பது பெரிதில்லை. தீபகற்பத்தின் நிலக்கரி யூனிட்கள் காப்பாரிலும் மஞ்சோங்கிலும் தஞ்சோங் பின்னிலும் ஜிமாவிலும் இருக்கின்றன. 2044க்குள் எல்லாவற்றையும் மூடுவது அரசே அறிவித்த இலக்கு. யூனிட் வாரியாக, எது எந்த ஆண்டு நிற்கும், அந்த ஆண்டு அந்த மெகாவாட்டை எது நிரப்பும், இரவில் எது நிரப்பும் என்று ஓர் அட்டவணையை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். 2040க்கு முந்தைய ஏதாவது ஒரு வரிசையில் அணு உலை என்று எழுதியிருந்தால், அது வராமல் போனால் அந்த ஆண்டு எதை ஓட்டுவார்கள் என்பதையும், அதற்கான பணம் எந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் என்பதையும் அடுத்த கட்டத்தில் எழுதட்டும். இட ஆய்வையும் ஒழுங்குமுறை அமைப்பின் பயிற்சியையும் அதற்கிடையில் தொடங்கலாம். அதற்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
மின்கட்டமைப்புத் துறை வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.